இப்போது என்ன படிக்கிறீர்கள்? வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பவை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிலர் கூடி, அவரவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். பிடித்ததை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்கள். அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வட்டத்தில் எல்லாரும் இவற்றை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். பட்டியல் பற்றிய பதிலில் இன்னும் சண்டை தீரவில்லை.

உரை மாதிரி ஏதாவது தயார் செய்துகொண்டு வர வேண்டுமா?

வேண்டாம். மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது, தலைமையுரையும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்குச் சில நிமிடம் பேசுவோம். புத்தகத்தைக் கையில் கொண்டு வந்தால் நல்லது. மற்றவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். எழுத்தாளரின் பிறந்த ஊர், வாங்கிய விருதுகள், எழுதிய நூல்களின் எண்ணிக்கை எல்லாம் பின்னட்டையிலேயே இருக்கும், அவற்றை வாசித்துக் காட்டாதீர்கள். அதற்குப் பதில் உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை எடுத்து ஒரு பத்தியை உரக்கப் படியுங்கள். அந்த ஒரு பத்தியைக் கேட்டே புத்தகத்தை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று பாதிப் பேர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

பாதிதான் படித்திருக்கிறேன். முடித்த பிறகு பேசட்டுமா?

இல்லை, இப்போதே பேசுங்கள். படித்து முடித்தவர் தீர்ப்போடு வருவார். 'அருமையான நாவல்' என்பார், அல்லது 'எனக்கு ஒட்டவில்லை' என்பார். பாதியில் இருப்பவரிடம் சந்தேகங்கள் இருக்கும், கேட்கிறவர்களுக்கு அதுதான் சுவாரசியம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளைப் பாதியில் வைத்திருப்பவரிடம், தன்னைவிட மூத்தவளான யமுனாவிடம் பாபு கொண்டிருப்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பக்தி என்பார், காமம் என்பார், 'ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்கும் பகுதி மட்டும் போதும், மற்றது எனக்கு வேண்டாம்' என்றும் சொல்வார். முடித்துவிட்டால் அவரே இதையெல்லாம் மறந்துவிட்டு ஒரே பதிலைப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. முடித்த பிறகுதான் பேசுவேன் என்று இருப்பவர்கள் கடைசிவரை பேசாமலே போய்விடுகிறார்கள். தடிமனான நாவல் ஒன்று வருஷக்கணக்கில் தலையணைப் பக்கத்தில் கிடக்கும்.

கதையை எவ்வளவு தூரம் சொல்லலாம்?

புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் கொலை செய்துவிட்டு ஓடுவதில்தான் நாவலே தொடங்குகிறது. அண்ணனைக் கொன்றவனைத் தம்பி வெட்டிவிட்டான் என்று சொன்னால் எதுவும் கெடாது. பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாட்களில்தான் நாவல் இருக்கிறது. எங்கே தூங்கினார்கள், எதைச் சுட்டுத் தின்றார்கள், அப்பன் மகனிடம் பழைய கதை எதைச் சொன்னான் என்பதையெல்லாம் யாரும் சுருக்கிச் சொல்லிவிட முடியாது. 2019இல் 'அசுரன்' படம் வந்த பிறகு 'படம் பார்த்துவிட்டேன், புத்தகம் தேவையா?' என்று கேட்கிறார்கள். தேவைதான். படம் அப்பாவின் தோளில் ஏறி நிற்கிறது, புத்தகம் பையன் கூடவே நடக்கிறது. இரண்டும் வேறு வேறு அனுபவம்.

துப்பறியும் கதை என்றால் வாயைக் கட்டுங்கள். கொலையாளி யார் என்று ஒருவர் இங்கே உளறிவிட்டு, அப்புறம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

நான் கடைசியாகப் படித்தது பள்ளிக்கூடப் பாடப்புத்தகம். எதிலிருந்து தொடங்குவது?

சின்னதிலிருந்து. மகத்தான நாவல் என்று எல்லாரும் சொல்லும் எழுநூறு பக்கப் புத்தகத்தைப் புதியவர் கையில் கொடுப்பது அவரை வாசலோடு திருப்பி அனுப்புகிற வேலை.

நான் அடிக்கடி எடுத்துக் கொடுப்பது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அப்பனைக் குத்திய காளையை ஜல்லிக்கட்டில் அடக்க மகன் வருகிறான். ஜமீன்தாரின் காளை அது. ஒரு பிற்பகலில், ஒரு திடலில் நடப்பதுதான் மொத்தக் கதையும். உட்கார்ந்த இடத்தில் படித்து முடிக்கலாம். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டோம் என்ற தெம்பு இருந்தால்தான் அடுத்ததில் கை வைக்கத் தோன்றும்.

நகரத்துக்காரர் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். ஐம்பது வருஷத்துக்கு முந்திய நாவல் அது. போன கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர் அதைப் பழைய கதை என்று சொல்ல மாட்டார்.

நாவலே வேண்டாம் என்பவருக்குச் சிறுகதை. கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் 'கதவு' சில பக்கங்கள்தான். வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாடும் பிள்ளைகள், தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே பெயர்த்துக்கொண்டு போகும் தலையாரி. அப்புறம் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னைத் தெருவில் வந்து நிற்கும் கடவுளை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்து, தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கப் பார்க்கிறார் பிள்ளை. சிரித்துக்கொண்டே படித்தவர்கள் மறுபடி எடுத்துப் படிக்கும்போது அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

இங்கே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஒரு நாவல் இன்றும் புது வாசகர்களைப் பிடித்து இழுத்துவருகிறது. படம் வந்த பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தது.

'சிவகாமியின் சபதம் படி, பிறகு சாண்டில்யனின் கடல் புறா படி' என்று சொல்லிவிடுவது சுலபம். தப்பில்லை. ஆனால் நான் முதலில் அவரிடம் ஒன்று கேட்பேன்: அதில் உங்களுக்கு எது பிடித்தது?

வந்தியத்தேவனின் பயணம், எங்கே போனாலும் வம்பில் மாட்டுவது, வாயால் தப்பிப்பது பிடித்தது என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலம். மெடான், பினாங்கு என்று தென்கிழக்காசியத் துறைமுகங்களில் திரியும் பாண்டியன் என்ற இளைஞன். குதிரைக்குப் பதில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல், ரகசிய ஓலைக்குப் பதில் இந்திய தேசிய ராணுவம். சிங்காரம் இளவயதில் மெடானுக்குப் பிழைக்கப் போனவர், திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது என்பதால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். தொடக்கத்தில் நடை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நினைவும் நிகழ்வும் கலந்து வரும். பொறுத்துக்கொண்டு உள்ளே போனால் சரியாகிவிடும்.

காவிரி, ஆடிப்பெருக்கு, சோழநாட்டு வயல்வெளி பிடித்தது என்றால் தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. நதியின் போக்கிலேயே அலைந்து எழுதிய பயண நூல்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார் என்று தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாவல் வேண்டாம், வரலாறு கொடுங்கள். கல்கி ஆதாரமாக எடுத்துக்கொண்ட இருவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரும். பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' தமிழிலேயே எழுதப்பட்டது. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிப் படித்துப் பாருங்கள். ராஜராஜன் பட்டமேறிய இரண்டாம் ஆண்டில், அந்தக் கொலையில் துரோகிகளான ரவிதாசன் முதலானவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது அது. நாவலில் பேய்க்கூத்து ஆடும் ரவிதாசன் கல்லிலும் இருக்கிறான் என்று தெரிந்தபோது எங்கள் வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

ராஜராஜனையே தொடர வேண்டும் என்பவருக்குப் பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம் காத்திருக்கிறது. பெரிய கோயில் கட்டும் கதை. எனக்கு அதன் நீளத்தோடு வழக்கு உண்டு, ஆனால் அதை மூன்று தடவை படித்தவர்களும் இங்கே வருகிறார்கள்.

ஒருவருக்குப் புத்தகம் சிபாரிசு செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும்?

புத்தகத்தைவிட ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவற்றில் இரண்டு நமக்கு வேண்டியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நல்ல நூல், கெட்ட நூல் என்ற பேச்சே அந்த ஐந்தில் இல்லை. மனிதர் கணக்கு வாத்தியார் அல்லவா, ஜோடி சேர்ப்பதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்.

ஆகவே மூன்று கேள்விகள் கேட்பேன். கீழே வைக்க மனமில்லாமல் கடைசியாகப் படித்தது எது? பாதியில் தூக்கிப் போட்டது எது? எப்போது படிப்பீர்கள்? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதில்தான் பாதி விடை இருக்கிறது. ரயிலில் நின்றுகொண்டு படிக்கிறவருக்கும், பிள்ளைகள் தூங்கிய பிறகு அரைமணி நேரம் கிடைக்கிற அம்மாவுக்கும், ஓய்வு பெற்று நாளெல்லாம் நேரம் உள்ளவருக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்ல முடியாது.

தொழிலைக் கேட்டும் சொல்லலாம், ஆனால் கவனம். உப்பளத்தில் கணக்கு எழுதிய ஒருவருக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கொடுத்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். ராஜம் கிருஷ்ணன் களத்துக்கே போய்ப் பழகி எழுதியவர். அடுத்த கூட்டத்தில் அந்த உப்பளக்காரர் நாவலை விட்டுவிட்டு, பாத்தி மிதிப்பது எப்படி, கண்ணில் உப்பு பட்டால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்கு அதைவிட நல்ல பேச்சு இல்லை. அதே நம்பிக்கையில் ஒரு நர்ஸுக்கு மருத்துவமனைக் கதை கொடுத்தபோது, 'நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன், வேறு ஏதாவது கொடுங்கள்' என்று திருப்பி நீட்டிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

சொல்லும்போது ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் மட்டும் சொல்லுங்கள். ஐந்து பெயரைச் சொன்னால் அவர் ஐந்தையும் செல்போனில் குறித்துக்கொண்டு எதையும் படிக்க மாட்டார்.

கட்டாயம் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களின் பட்டியல் தர முடியுமா?

தர மாட்டேன். சண்டை என்று மேலே சொன்னது இதைத்தான். எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர், 'பட்டியல் இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன்?' என்று கேட்பார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் பட்டியல் போட்டுப் போட்டே பலரிடம் திட்டு வாங்கியவர். ஆனால் அவருடைய 'படித்திருக்கிறீர்களா?' நூலைப் பாருங்கள். புத்தகம் புத்தகமாக எடுத்து, இதில் இது இருக்கிறது, எனக்கு இது பிடித்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அப்படிச் சொன்னால் நானும் காது கொடுப்பேன். வெறும் பெயர்ப்பட்டியலில் எனக்குப் பிடிப்பில்லை.

சரி, விருதுப் பட்டியலையாவது வைத்துக்கொள்ளலாமா என்கிறார்கள். சாகித்திய அகாதெமி விருதுகளை எடுத்துக்கொள்வோம். கல்கிக்கு, அவர் இறந்த பிறகு, கொடுக்கப்பட்டது 'அலை ஓசை'க்கு, 'பொன்னியின் செல்வ'னுக்கு அல்ல. தி. ஜானகிராமனுக்கு 1979இல் 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. 'மோகமுள்'ளுக்கும் இல்லை, 'அம்மா வந்தாள்' நாவலுக்கும் இல்லை. அசோகமித்திரனுக்கு 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்'. அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னாலேயே 'பதினெட்டாவது அட்சக்கோடு' வந்தாயிற்று. சுந்தர ராமசாமிக்கும் ப. சிங்காரத்துக்கும் விருதே இல்லை. ஆக, பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் இவர்களில் சிலரைச் சந்திக்கவே மாட்டார், சிலரைப் பின்வாசல் வழியாகச் சந்திப்பார். அதே பட்டியலில் கி.ரா.வின் 'கோபல்லபுரத்து மக்கள்' மாதிரி சரியாக விழுந்ததும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதைப் படிக்கும் முன் 'கோபல்ல கிராமம்' படித்துவிடுங்கள், அதுதான் முதல் பாகம்.

எல்லாரும் புகழும் நாவல் எனக்கு ஏறவே இல்லை. என்னிடம் குறையா?

இல்லை. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தபோதே பலரைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது, பலரை எரிச்சல்படுத்தியது. இன்றும் எங்கள் வட்டத்தில் அப்படியே பிளவு இருக்கிறது. அது ஏறாதவருக்கு அதே ஆசிரியரின் 'ஒரு புளியமரத்தின் கதை'யைக் கொடுத்தால் சிரித்துச் சிரித்துப் படிக்கிறார். ஆசிரியரை விடாமல் புத்தகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐம்பது பக்கம் போயும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடுங்கள். கூட்டத்தில் வந்து 'மூடி வைத்துவிட்டேன்' என்று சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில், எதனால் என்று சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். 'குப்பை' என்று ஒரே வார்த்தையில் தள்ளினால் மட்டும் கொஞ்சம் கோபிப்போம்.

வட்டார வழக்கு புரியவில்லை. அகராதி வைத்துக்கொண்டு படிப்பதா?

கரிசல் வழக்குக்குக் கி.ரா. தொகுத்த சொல்லகராதியே இருக்கிறது. ஆனால் முதல் வாசிப்பில் அதைத் தொடாதீர்கள். இருபது பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். கோவைக்காரர் ஒருவர் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலை அப்படித்தான் கடந்தார். குமரி மாவட்டப் பனைவிளை, பனையேறியின் மகனை விரும்பும் லிஸி, வீட்டைவிட்டு வெளியே விடாத அவள் தாத்தா கண்ணப்பச்சியின் குடும்பம். முதலில் 'என்ன பாஷை இது?' என்றவர், முடிக்கும்போது அந்தப் பேச்சையே எங்களிடம் பேசிக்காட்டிக்கொண்டிருந்தார், சகிக்கவில்லை.

மொழிபெயர்ப்புகளைச் சொல்லலாமா?

தாராளமாக. ஒரே நிபந்தனை: மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகழியின் 'செம்மீன்' என்றால் சுந்தர ராமசாமி. தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' என்றால் த.நா. குமாரசாமி. நாடி பிடித்துப் பார்த்து மரணம் வரும் நாளைச் சொல்லிவிடும் கிழட்டு வைத்தியர் ஜீவன் மஷாய் ஒரு பக்கம், புதிதாக ஊருக்கு வந்த ஆங்கில மருத்துவர் இன்னொரு பக்கம். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் புத்தகம் இது. அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை. ஒரே நூலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் கிடைக்கும்போது, கடையில் நின்றபடியே இரண்டிலும் முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில ரஷ்ய நாவல்கள் தமிழில் படாத பாடு படுகின்றன.

ஈழத்து, மலையகத்து எழுத்தைத் தொடங்க விரும்புகிறேன். எப்படி?

மென்மையாகத் தொடங்க வேண்டும் என்றால் அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தொடங்கி ஆப்பிரிக்கா, கனடா என்று போகும் கதைகள், சத்தமில்லாத நகைச்சுவை. உடனே ஆழத்தில் குதிக்கத் தயார் என்றால் ஷோபாசக்தியின் 'கொரில்லா'. அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்றது என்று சொன்னால்தான் சிலர் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள், என்ன செய்வது! மலையகத்துக்குத் தெளிவத்தை ஜோசப். 'மீன்கள்' என்ற சிறுகதை ஒன்று போதும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயனில், அறை ஒன்றுக்குள் ஒரு குடும்பமே புழங்க வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்லியிருக்கிறார்.

பழைய ஈழத்து நூல்கள் கடைகளில் கிடைப்பது கஷ்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் போனவற்றைத் திரும்பப் பெற முடியாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைத்து இலவசமாகத் தருகிறது. எங்கள் வட்டத்தில் அங்கிருந்து படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

மாத நாவல், காமிக்ஸ் எல்லாம் கணக்கில் சேருமா?

சேரும். ராஜேஷ்குமாரையும் சுஜாதாவின் கணேஷ்-வசந்த்தையும் படிக்காமல் இங்கே வந்து சேர்ந்தவர்கள் குறைவு, வெளியே சொல்லாதவர்கள் அதிகம். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவர் வருகிறார். அவர் பேசும் நாளில் கூட்டம் அலைமோதும். பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் அவர்களாக எடுப்பதைப் படிக்க விடுங்கள். நீங்கள் சின்ன வயதில் படித்ததை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

மின்னூல், ஒலிநூல்?

அதுவும் படிப்புதான். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. இட்லிக்கு மாவரைத்துக்கொண்டே ஒலிநூலில் ஒரு நாவலை முடித்தவர் கூட்டத்தில் பேசலாம். பக்க எண் மட்டும் கேட்க மாட்டோம்.

புத்தக விலை கட்டுப்படியாகவில்லை. என்ன செய்வது?

நூலகத்தில்தான் கூடுகிறோம், முதலில் உறுப்பினராகுங்கள். வேண்டிய புத்தகம் அடுக்கில் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். பலரும் கேட்டால் வாங்கும்போது நினைவில் வைப்பார். சென்னைப் பக்கம் போனால் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி போய்ச் சேரும் நூலகங்களில் அது ஒன்று. வேறு எங்கும் கிடைக்காததை அங்கே உட்கார்ந்து படிக்கலாம். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ஜனவரிவரை பொறுங்கள். 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு உண்டு. சென்னைக்குப் போகும் பஸ் கட்டணத்தைக் கூட்டினால் கழிவு காணாமல் போய்விடும் என்பவர்கள், பக்கத்து மாவட்டத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போகலாம். இப்போது எல்லா மாவட்டத்திலும் நடத்துகிறார்கள். கல்கி, புதுமைப்பித்தன் போன்ற நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் மலிவுப் பதிப்புகள் குவிந்து கிடக்கும். வாங்கும் முன் நடுவில் நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் எழுத்துப் பிழையோடு பத்திகளே காணாமல் போயிருக்கும். புதுமைப்பித்தனை மட்டும் பதிப்பாசிரியர் பெயர் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை.

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வருவதில்லையே?

வராது. அதனால்தான் வட்டத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எடுத்தவர் பெயர், தேதி, புத்தகம், சொந்தக்காரர் கையெழுத்து. அடுத்த கூட்டத்தில் அதை உரக்க வாசிப்போம். வெட்கப்பட்டுக்கொண்டு பாதிப் பேராவது கொண்டுவந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் அந்த மாதம் கூட்டத்துக்கே வருவதில்லை. திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற புத்தகத்தை மட்டும் வெளியே விடுங்கள். என்னிடம் யாரும் 'புயலிலே ஒரு தோணி'யை இரவல் கேட்காதீர்கள். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, ஜன்னலோர அடுக்கில், மேலிருந்து இரண்டாவது தட்டு.